பித்தக்கல் கரைப்பு மருந்து

பித்தக்கல் கரைப்பு மருந்து என்பது பித்தப்பையில் உருவாகும் கற்களை அறுவை மருத்துவம் இன்றிச் சிறிது சிறிதாகக் கரைக்கும் பொருட்டு வாய்வழியே உட்கொள்ளப்படும் மருந்தாகும். இவ்வகையில் இன்று பெரிதும் பயன்பாட்டில் உள்ளது அர்சோடியாக்சிகோலிக் அமிலம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இது அர்சோடியால் என அழைக்கப்படுகின்றது. இந்தியாவில் உடிலிவ், அர்சோகால் முதலிய வணிகப் பெயர்களில் மாத்திரையாகக் கிடைக்கின்றது.

இம்மருந்து எல்லாப் பித்தக்கற்களையும் கரைப்பதில்லை. கொலஸ்திராலால் ஆன, சுண்ணம் படியாத, சிறிய கற்களை மட்டுமே இது கரைக்க வல்லது. அதற்கும் பித்தப்பை நன்கு இயங்கும் நிலையில் இருத்தல் வேண்டும். ஆதலால், மருந்தைத் தொடங்கும் முன் செய்யப்படும் சோதனைகள் மருந்தைப் போலவே இன்றியமையாதவை. பொருத்தமற்ற ஒருவர் இதனை உட்கொள்ளும்போது, மருந்தின் பக்க விளைவுகளைக் காட்டிலும் காலத் தாழ்வினால் ஏற்படும் தீங்கே பெரிதாகும். கல் கரைந்து வருகின்றது என்ற நம்பிக்கையில் மாதங்கள் கழிய, அதற்குள் பித்தப்பை அழற்சியோ கணைய அழற்சியோ தோன்றிவிடலாம்.

பெயரும் வரலாறும்

கரடியின் உலர்ந்த பித்தம் சீன, சப்பானிய மரபு மருத்துவங்களில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடிய வேதியியலாளர் ஓலோஃப் அம்மார்சுடன் துருவக் கரடியின் பித்தநீரில் அதுவரை அறியப்படாத ஒரு பித்த அமிலம் இருப்பதைக் கண்டார். 1927 ஆம் ஆண்டில் சப்பானின் ஒக்காயாமாவைச் சேர்ந்த மசாத்தோ சோடா, கருங்கரடியின் பித்தத்தில் இருந்து இதனைப் படிக வடிவில் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் கரடியைக் குறிக்கும் 'அர்சசு' என்ற சொல்லே இப்பெயரின் முதற்பகுதி ஆகும். 1950களில் சப்பானில் இது செயற்கை முறையில் உருவாக்கப்பட்டு, கல்லீரலுக்கான மருந்தாக விற்பனைக்கு வந்தது.

பித்தக்கற்களை மருந்தால் கரைக்க இயலும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியது இதன் உறவுச் சேர்மமான கீனோடியாக்சிகோலிக் அமிலம் ஆகும். 1972 இல் ஐக்கிய அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் அதனை வெளியிட்டனர். எனினும் 1981 இல் வெளியான, 916 நோயாளிகளைக் கொண்ட பெரிய ஆய்வொன்றில், நாளொன்றுக்கு 750 மி.கி. வீதம் ஈராண்டுகள் உட்கொண்டவர்களுள் 13.5 விழுக்காட்டினருக்கே கற்கள் முழுமையாகக் கரைந்தன. கல்லீரல் பாதிப்பும், குருதியில் கொலஸ்திரால் உயர்வும், வயிற்றுப்போக்கும் காணப்பட்டன. இக்குறைகள் மிகவும் குறைந்த அர்சோடியாக்சிகோலிக் அமிலம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1987 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பித்தக்கற்களுக்காக இதற்கு ஒப்புதல் அளித்தது.

இன்றைய மாத்திரைகளுக்குக் கரடிப் பித்தம் தேவையில்லை. பெரும்பாலும் மாட்டின் பித்தநீரில் இருந்து பெறப்படும் கோலிக் அமிலத்தை வேதிமாற்றம் செய்து இம்மருந்து தயாரிக்கப்படுகின்றது. விலங்குப் பொருட்களைத் தவிர்ப்போர் இதனை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

பித்தக்கற்களின் வகைகள்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் பித்தப்பையில் சேமிக்கப்பட்டுச் செறிவூட்டப்படுகின்றது. உணவு உண்டபின் பித்தப்பை சுருங்கி, பித்தநீரைச் சிறுகுடலுக்குள் செலுத்துகின்றது. இந்நீரின் கூறுகளுக்கு இடையேயான விகிதம் மாறும்போது கற்கள் உருவாகின்றன. அவை இரு பெரும் வகைப்படும்.

• கொலஸ்திரால் கற்கள்: பித்தநீரில் கரையும் அளவைவிடக் கூடுதலாகக் கொலஸ்திரால் சேரும்போது அது படிகமாகிக் கல்லாகின்றது. உடற்பருமன், விரைவான எடையிழப்பு, கருவுறுதல், ஈத்திரோசன் சேர்ந்த மருந்துகள் ஆகியன இதற்கான வாய்ப்பைக் கூட்டும்.

• நிறமிக் கற்கள்: பிலிரூபின் என்னும் நிறமி கால்சியத்துடன் சேர்வதால் உருவாகின்றன. இவை கறுப்பு, பழுப்பு என இரு நிறத்தவை. செங்குருதி அணுக்கள் மிகையாக அழியும் நோய்களிலும் கல்லீரல் இழைநார் வளர்ச்சியிலும் கறுப்புக் கற்கள் தோன்றும். பித்தநாளத் தொற்று பழுப்புக் கற்களுக்கு வழிவகுக்கும்.

இவ்வேறுபாடு தமிழ்நாட்டு வாசகர்களுக்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. இந்தியாவில் வடபகுதிகளில் கொலஸ்திரால் கற்களும், தென்பகுதிகளில் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் தெரிவித்துள்ளன. நீலகிரிப் பகுதிப் பழங்குடியினர் சிலரிடையே காணப்படும் அரிவாள் உரு அணுச் சோகை கறுப்பு நிறமிக் கற்களை உண்டாக்கும் நோய்களுள் ஒன்று. நிறமிக் கற்களில் கரைப்பு மருந்து வேலை செய்வதில்லை. எனவே வேறோரிடத்தில் ஒருவருக்குப் பயன் தந்த மருந்து இங்கு இன்னொருவருக்கும் பயன் தரும் எனக் கொள்ள இயலாது.

செயற்படும் முறை

அர்சோடியாக்சிகோலிக் அமிலம் மனிதப் பித்தநீரிலும் இயல்பாகச் சிறிதளவு உள்ளது. மருந்தாக உட்கொள்ளும்போது அதன் பங்கு பெரிதும் உயர்கின்றது. இது குடலில் கொலஸ்திரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றது. கல்லீரல் பித்தநீருக்குள் கொலஸ்திராலைச் சுரப்பதையும் குறைக்கின்றது. இதனால் பித்தநீர் கொலஸ்திரால் குறைந்த நீராக மாறி, கல்லின் மேற்பரப்பில் உள்ள கொலஸ்திராலைத் தன்னுள் எடுத்துக்கொள்கின்றது. கல் புறத்திலிருந்து உள்நோக்கித் தேய்கின்றது.

கீழே கூறப்படும் முன்னெச்சரிக்கைகளுள் பலவும் இவ்விளக்கத்தில் இருந்தே பெறப்படுகின்றன. கல் கொலஸ்திராலால் ஆகியிருக்க வேண்டும். அதன் மேற்பரப்பு சுண்ணத்தால் மூடப்பட்டிருத்தல் கூடாது. மாறிய பித்தநீர் பித்தப்பைக்குள் சென்று வர வழி திறந்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மருந்து கல்லை அடையாது, அல்லது அடைந்தும் பயன் தராது.

உட்கொள்ளும் முன் கருதவேண்டியவை

கல் எங்குள்ளது என்பதை உறுதிசெய்தல்

'வயிற்றில் கல்' என்ற பொதுவான பேச்சு வழக்கில் சிறுநீரகக் கல்லும் பித்தக்கல்லும் ஒன்றாகக் கருதப்படுவதுண்டு. சிறுநீரகக் கற்கள் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட்டு போன்ற உப்புகளால் ஆனவை. அவற்றில் பித்த அமில மருந்து எவ்விதப் பயனும் தராது. அதுபோலவே சிறுநீரகக் கல்லுக்காகக் கூறப்படும் மிகுதியான நீர் அருந்துதல், வாழைத்தண்டுச் சாறு போன்றவை பித்தக்கல்லைக் கரைக்கமாட்டா. ஒருவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மாத்திரையை மற்றவர் வாங்கி உண்பது இக்குழப்பத்தால் மேலும் தீங்காகின்றது.

மருத்துவம் தேவையா என ஆராய்தல்

வேறு காரணத்திற்காக எடுக்கப்பட்ட நோட்டத்தில் தற்செயலாகக் கற்கள் தெரியவருவது மிகவும் பொதுவானது. எவ்வித அறிகுறியும் தராத கற்களை உடையோரில் பெரும்பாலானவர்களுக்குப் பல ஆண்டுகள் கடந்தும் தொல்லை ஏற்படுவதில்லை. இத்தகையோருக்குப் பொதுவாக மருந்தும் அறுவையும் தேவைப்படுவதில்லை. கவனித்து வருதலே போதுமானது.

கல்லின் வகையையும் அளவையும் அறிதல்

அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எனப் பரவலாக அறியப்படும் மீயொலி நோட்டம் கற்கள் உள்ளனவா என்பதையும் அவற்றின் எண்ணிக்கை, அளவு ஆகியவற்றையும் நன்கு காட்டும். ஆனால் கல் கொலஸ்திராலால் ஆனதா, நிறமியால் ஆனதா என்பதை அது உறுதியாகக் கூறுவதில்லை. சுண்ணம் படிந்த கற்கள் எக்சு-கதிர்ப் படத்தில் தென்படும். அவ்வாறு தென்படும் கற்களுக்கு இம்மருந்து பயன்படாது. எக்சு-கதிரில் தென்படாத கல் எல்லாம் கொலஸ்திரால் கல் என்பதும் இல்லை. நிறமிக் கற்களுள் சிலவும் தென்படுவதில்லை. தேவைப்படின் சி.டி. ஸ்கேன் மூலம் சுண்ணத்தின் அளவைக் கணிப்பர்.

அளவைப் பொறுத்தவரை, 20 மி.மீ. விட்டத்திற்கு மேற்பட்ட கற்கள் அரிதாகவே கரைகின்றன. ஐக்கிய அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி, சுண்ணம் படியாத, 20 மி.மீ.க்குக் குறைந்த கற்களை உடையோரில் ஈராண்டுகள் வரை மருந்துண்டவர்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கே கற்கள் முழுமையாகக் கரைந்தன. பித்தநீரில் மிதக்கும் தன்மையுடைய கற்களாயின் இவ்வாய்ப்பு 50 விழுக்காடு வரை உயர்ந்தது. 5 மி.மீ. வரையிலான கற்களில் அது 81 விழுக்காடாக இருந்தது. மிதக்கும் கற்களில் கொலஸ்திரால் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம் ஆகும்.

பித்தப்பையின் இயக்கத்தை அறிதல்

பித்தப்பையின் நாளம் கல்லால் அடைபட்டிருந்தாலோ, பித்தப்பை சுருங்கும் திறனை இழந்திருந்தாலோ மருந்து கல்லைச் சென்றடையாது. கொழுப்புணவு உண்ணும் முன்னும் பின்னும் மீயொலி நோட்டம் செய்து பித்தப்பை சுருங்குவதை அளவிடலாம்.

அறுவை உடனடியாகத் தேவைப்படும் நிலைகளை விலக்குதல்

பின்வரும் நிலைகளில் கரைப்பு மருந்து அறுவைக்கோ பிற அவசர மருத்துவத்திற்கோ மாற்றாகாது:

• தணியாத கடும் பித்தப்பை அழற்சி
• பித்தநாளத் தொற்று
• பித்தநாள அடைப்பும் அதனால் வரும் மஞ்சட் காமாலையும்
• பித்தக்கல்லால் ஏற்பட்ட கணைய அழற்சி
• பித்தப்பைக்கும் குடலுக்கும் இடையே துளை வழி உண்டாதல்

பிற நோய்களைத் தெரிவித்தல்

பித்த அமிலங்கள் சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சப்பட்டு மீண்டும் கல்லீரலை அடைகின்றன. அப்பகுதியில் அழற்சி உடையவர்களும், அது அறுவையில் நீக்கப்பட்டவர்களும் மருத்துவரிடம் அதனைக் கூற வேண்டும். நாட்பட்ட கல்லீரல் நோய், வயிற்றில் நீர்கோத்தல், உணவுக்குழாய்ச் சிரைகளில் குருதிக்கசிவு ஆகியன உள்ளவர்களுக்கும் தனிக் கவனம் தேவை. பித்த அமிலங்களுக்கு முன்னர் ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் இம்மருந்தை உட்கொள்ளுதல் கூடாது.

பெண்கள் கருதவேண்டியவை

கருவுற்ற காலத்தில் தோன்றும் ஒருவகைப் பித்தத்தேக்கத்தில், அரிப்பைத் தணிக்க மருத்துவர்கள் இதே மருந்தைத் தருவதுண்டு. ஆனால் பித்தக்கல்லைக் கரைக்கும் மருத்துவம் மாதக்கணக்கில் நீள்வது. அதனைக் கருவுற்ற காலத்தில் தொடங்கும் தேவை பொதுவாக எழுவதில்லை. ஆகவே கருவுறும் வாய்ப்புள்ள பெண்கள் மருந்தைத் தொடங்கும் முன் கருவுற்றிருக்கவில்லை என்பதை உறுதிசெய்து, கருத்தடை முறை குறித்தும் கலந்தாலோசிக்க வேண்டும். ஈத்திரோசன் அடங்கிய கருத்தடை மாத்திரைகள் பித்தநீரில் கொலஸ்திராலைக் கூட்டுவதால் மருந்தின் பயனைக் கெடுக்கும். இயக்குநீர் சாராத முறைகளே இங்கு விரும்பத்தக்கவை. பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

பிற மருந்துகளுடன் ஏற்படும் விளைவுகள்

• அலுமினியம் சேர்ந்த அமில முறிப்பிகள்: இவை மருந்தைக் குடலில் பற்றிக்கொண்டு உறிஞ்சப்படாமல் தடுக்கும். நெஞ்செரிச்சலுக்காக மருத்துவரைக் கேளாமல் வாங்கப்படும் நீர்ம மருந்துகள் பலவற்றில் அலுமினியம் உண்டு. குறைந்தது 2 மணி நேர இடைவெளி தேவை.

• கோலெசுடிரமின், கோலெசுடிபால்: பித்த அமிலங்களைப் பற்றுவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. இவற்றுடன் ஒரே வேளையில் உட்கொண்டால் மருந்து வீணாகும்.

• ஈத்திரோசன், குளோபைப்ரேட்டு: பித்தநீரில் கொலஸ்திராலைக் கூட்டுவதால் மருந்துக்கு எதிராகச் செயற்படும்.

• சைக்கிளோசுபோரின்: உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் உண்ணும் இம்மருந்தின் குருதி அளவு உயரக்கூடும். அளவைச் சோதித்து மாற்ற வேண்டியிருக்கும்.

• சிப்ரோபிளாக்சசின்: சிலரிடம் இந்த நுண்ணுயிர் எதிர்ப்பியின் உறிஞ்சல் குறைந்ததாக அறியப்பட்டுள்ளது.

அளவும் கால எல்லையும்

பித்தக்கல்லைக் கரைப்பதற்கான வழக்கமான அளவு, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மி.கி. ஆகும். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு இது 480 முதல் 600 மி.கி. வரை ஆகின்றது. இவ்வளவு இரண்டு அல்லது மூன்று வேளைகளாகப் பிரித்து உணவுடன் தரப்படுவது வழக்கம். சில நாடுகளில் இரவில் ஒரே வேளையாகவும் தருகின்றனர்.

கூடுதலாக உண்டால் விரைவில் கரையும் எனக் கருதுதல் தவறாகும். முதன்மை வன்மையாக்கும் பித்தநாள அழற்சி என்னும் வேறொரு நோயில், ஒரு கிலோகிராமுக்கு 28 முதல் 30 மி.கி. வரை கொடுத்துப் பார்த்த ஆய்வொன்று 2009 இல் வெளியானது. மருந்தற்ற போலி மாத்திரை உண்டவர்களைவிட மருந்துண்டவர்களிடம் கடும் விளைவுகள் கூடுதலாகக் காணப்பட்டன. தீங்கு குறைந்த மருந்து என்ற பெயர் உரிய அளவிற்கே பொருந்தும் என்பதை இது காட்டுகின்றது.

கற்கள் கரைய ஆறு மாதம் முதல் ஈராண்டுகள் வரை ஆகலாம். இடையில் விட்டுவிட்டு உண்பது பயனற்றது. நெடுங்காலச் செலவையும், ஒழுங்காகத் தொடர இயலுமா என்பதையும் முதலிலேயே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கண்காணிப்பு

தொடங்கும் முன் கல்லீரல் நொதிகளின் அளவு சோதிக்கப்படுகின்றது. ஐக்கிய இராச்சிய மருந்துக் குறிப்பு முதல் மூன்று மாதங்களில் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையும், அதன்பின் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் இதனைச் செய்யுமாறு கூறுகின்றது. முதலாண்டில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மீயொலி நோட்டம் செய்யப்படும். பன்னிரண்டு மாதங்கள் கடந்தும் கற்கள் ஓரளவேனும் கரையவில்லையெனில், அதன்பின் கரையும் வாய்ப்பு மிகவும் குறைவு. அந்நிலையில் மருந்தைத் தொடர்வதா என மறு ஆய்வு செய்ய வேண்டும். கற்கள் மறைந்துவிட்டதாகத் தெரிந்தால், மருந்தை உடனே நிறுத்தாமல் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் மீண்டும் ஒரு நோட்டம் செய்து உறுதிப்படுத்துவர்.

மிகப் பொதுவான பக்க விளைவு இளகிய மலமும் வயிற்றுப்போக்கும் ஆகும். தோல் தடிப்பு அரிதாக ஏற்படும். மருந்துண்ணும் காலத்தில் கல்லின் மேற்பரப்பில் சுண்ணம் படிதலும் மிக அரிதாக நிகழ்வதுண்டு. அவ்வாறு படிந்தால் கல் மேலும் கரையாது.

உடனடியாக மருத்துவமனையை நாடவேண்டிய அறிகுறிகள்

மருந்துண்டு வரும்போதும் கல் பித்தப்பையிலேயே இருக்கின்றது. சிறிய கற்கள் பித்தநாளத்துள் நழுவிச் செல்லவும் கூடும். ஆகவே பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் அடுத்த சோதனை நாள் வரை காத்திருத்தல் கூடாது:

• வலது மேல்வயிற்றில் பல மணி நேரம் தணியாத வலி
• குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல்
• கண்ணும் தோலும் மஞ்சளாதல், சிறுநீர் கருமஞ்சளாதல், மலம் வெளிறுதல்
• முதுகு வரை பரவும் கடும் வயிற்றுவலியும் நில்லாத வாந்தியும்

வலி, காய்ச்சல், மஞ்சட் காமாலை ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றுவது பித்தநாளத் தொற்றைக் குறிக்கலாம். இது உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடிய நிலையாகும்.

கற்கள் மீண்டும் உருவாதல்

கல் கரைந்தாலும் அதனை உருவாக்கிய பித்தப்பை அங்கேயே உள்ளது. முழுமையாகக் கரைந்தவர்களுள் 50 விழுக்காடு வரையிலானோருக்கு ஐந்து ஆண்டுகளுக்குள் கற்கள் மீண்டும் தோன்றுகின்றன. பித்தப்பையை நீக்கும் அறுவையே இன்றும் முதன்மை மருத்துவமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் ஆகும்.

மாற்று வழிகள்

பித்தப்பை நீக்க அறுவையை 1882 இல் பெர்லினில் கார்ல் இலாங்கன்புக் முதன்முதலாகச் செய்தார். 1985 இல் செருமனியின் எரிக் மூகே வயிற்றில் சிறு துளைகளிட்டு இதனைச் செய்து காட்டினார். இம்முறை 1990களில் உலகெங்கும் பரவியபின் கரைப்பு மருந்தின் பயன்பாடு பெரிதும் சுருங்கியது. முதுமை, கடும் இதய நோய், மயக்க மருந்து ஒவ்வாமை ஆகியவற்றால் அறுவை இடர் மிகுந்தவர்களுக்கும் அறுவையை விரும்பாதவர்களுக்கும் இன்று இம்மருந்து கருதப்படுகின்றது. உடற்பருமன் குறைப்பு அறுவைக்குப்பின் எடை விரைந்து குறையும் மாதங்களில், புதிய கற்கள் தோன்றாமல் தடுக்கவும் இது பயன்படுகின்றது.

தவறான நம்பிக்கைகள்

ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் மிகுதியாக அருந்தினால் கற்கள் மலத்துடன் வெளியேறும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் பரவியுள்ளது. மறுநாள் பச்சை நிற உருண்டைகள் வெளியேறுவது உண்மையே. ஆனால் அத்தகைய உருண்டைகளை ஆராய்ந்து 2005 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான குறிப்பொன்று, அவை பித்தக்கற்கள் அல்ல என்றும், அருந்திய எண்ணெய் குடலில் மாற்றமடைந்து உண்டான சவர்க்காரம் போன்ற கட்டிகள் என்றும் காட்டியது. பித்தப்பையில் உள்ள கல் இதனால் மாறுவதில்லை. மேலும், மிகுதியான எண்ணெய் பித்தப்பையை வலிந்து சுருங்கச் செய்வதால் கடும் வலியைத் தூண்டவும் கூடும்.

மருத்துவரிடம் கேட்கவேண்டிய வினாக்கள்

• என் கற்கள் அறிகுறி தருபவையா, அல்லது தற்செயலாகத் தெரியவந்தவையா?
• அவை கொலஸ்திரால் கற்கள் எனக் கருதுவதற்குச் சான்று என்ன? சுண்ணம் படிந்துள்ளதா?
• மிகப் பெரிய கல்லின் அளவு என்ன?
• என் பித்தப்பை சுருங்கி விரிகின்றதா?
• நான் உண்டு வரும் பிற மருந்துகளுடன் இது ஒத்துப்போகுமா?
• எப்போது மறுசோதனை? எந்நிலையில் மருந்தை நிறுத்தி அறுவையைக் கருத வேண்டும்?

இவ்வினாக்களுக்கு விடை பெற்றபின் தொடங்கப்படும் மருத்துவமே பயன் தரும். இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. தனி ஒருவருக்கான மருத்துவ முடிவை அவரைச் சோதிக்கும் மருத்துவரே எடுத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

• பித்தப்பை
• பித்தநீர்
• கல்லீரல்
• கணைய அழற்சி
• மஞ்சட் காமாலை
• சிறுநீரகக் கல்